யானைக்கு மூன்றாண்டு ஆய்வு போதாது

ஓர் ஆய்வாளரின் தகுதியை மேற்கோள்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது இன்றைய வழக்கம். நீண்டகாலக் களப்பணி தேவைப்படும் காட்டுயிர்ச் சூழலியலுக்கு அந்த அளவுகோல் போதாது என்பதற்கு ராமன் சுகுமாரின் பணியே சான்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அவர், 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் யானைகளை ஆராய்ந்தார். பயிர் மேய்வதில் பெண் யானைக் கூட்டங்களைவிட வளர்ந்த ஆண்களே முன்னிற்பதைக் காட்டினார். காட்டுப் புல்லைவிடப் பயிர்களில் புரதமும் சோடியமும் அதிகம். அவற்றைத் தின்று உடல் தேறும் ஆணுக்கு இனப்பெருக்க வாய்ப்பும் கூடும் என்பது அவர் தந்த விளக்கம். 1988இல் அவரது முயற்சியில் முதுமலையில் 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுக்களம் உருவானது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள மரக்கன்றுக்குக்கூட அங்கே எண் உண்டு. அது யானையால் முறிந்ததா, தீயில் கருகியதா என்பதும் பதிவாகிறது.

‘மரத்தை எண்ணினால் என் வயல் பிழைக்குமா?’ என்று விவசாயி கேட்பது நியாயமே. ஆய்வு மட்டும் வேலி ஆகாது; இழப்பீடு உடனே கிடைக்க வேண்டும். ஆனால், எந்த யானை, எந்தப் பருவத்தில், எதற்காக வருகிறது என்று அறியாமல் போடும் வேலியும் வீண்செலவே. அறுபது ஆண்டு வாழக்கூடிய உயிரை மூன்றாண்டுத் திட்டத்தில் புரிந்துகொள்ள முடியாது. நீண்டகாலக் கள ஆய்வுக்கு அரசுகள் தடையற்ற நிதி ஒதுக்க வேண்டும்.