மேய்ச்சல் தயிருக்குச் சாட்சி யார்?

கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளின் எருமைத் தயிர் மேய்ச்சலின் பெயரால் விலைபோகிறது. அது உண்மையில் மேய்ந்த மாட்டினதா, தொழுவத்தில் தீவனம் தின்றதினதா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. ஏமாற்றும் விவரணங்களை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் பொய்யென நிரூபிப்பது எவ்வாறு?

ஐரோப்பாவில் காபன் சமதானிகளை அளந்து, மாடு தின்றது புல்லா சோளமா எனக் கண்டறிகின்றனர். அம்முறை இங்கு அப்படியே பொருந்தாது. அங்குள்ள புற்கள் காபனை நிலைப்படுத்தும் முறையில் சோளத்திலிருந்து வேறுபடுபவை; எமது உலர்வலயப் புற்களில் பெரும்பாலானவையோ சோளத்தின் இனத்தையே ஒத்தவை. பசும்பாலில் புல்லின் மஞ்சள் நிறமியைத் தேடலாம். எருமைப்பாலில் அதுவும் இல்லையென்றே சொல்லலாம். கொழுப்பமிலப் பரிசோதனை எஞ்சுகிறது. அதற்கும் உள்ளூர் மாதிரிகள் திரட்டப்பட வேண்டும்.

அசுத்தம் தின்னும் கால்நடைகளை 'ஜல்லாலா' எனப் பிரித்துப் பேசும் இஸ்லாமியச் சட்ட மரபில், தீனி பற்றிய கேள்வி புதியதன்று.

ஆதலால், ஆய்வுகூடத்துக்கு முன்னர் காதுப் பட்டியும் மேய்ச்சல் தரைப் பதிவேடும் அவசியமென நாம் கருதுகிறோம். ஆனால், தரைக்கே உறுதியில்லை. மட்டக்களப்பின் மயிலத்தமடுவில் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் போராட்டத்தில் இறங்கியது அதனாலேயே. எல்லை குறிக்கப்படாத தரையில் மேய்ந்த மாட்டுக்கு எந்த அதிகாரி ஒப்பமிடுவார்? திருகோணமலை மாவட்டச் செயலகம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.