பொதுப்பொருளுக்கும் பெயர்க்காவல் வேண்டும்

ஊர்ப்பொதுக் கிணற்று நீரை எவரும் முகக்கலாம். ஆனால் அக்கிணற்றின் பெயரைச் சொல்லிக் கழிவுநீரை விற்க எவர்க்கும் உரிமையில்லை. இவ்வெளிய உண்மையைக் கட்டற்ற மென்பொருள் ஆக்குவோருள் பலர் இன்னும் உணர்ந்தாரல்லர். மூலநிரலையே உலகிற்கு ஈந்துவிட்ட பின்னர், பெயரை மட்டும் வணிகக்குறியாகப் பதிந்து வைத்துக்கொள்வது முரண் அன்றோ என்று அவர்கள் வினவுகின்றனர். அவர்தம் உள்ளம் தூயது, கருத்தோ பிழையானது. அப்பிழையால் விளைந்த கேடுகளை அண்மை வரலாறே காட்டி நிற்பதால், அதனை ஈண்டு விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நிரல் வேறு, பெயர் வேறு என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நிரல் என்பது கணினிக்கு இடப்பெறும் கட்டளைகளின் கோவை. அதனை ஆயிரவர் படியெடுத்தாலும் ஆக்கியவர்க்கு ஓர் எழுத்தும் குறையாது. ஒரு விளக்கினின்று மற்றொரு விளக்கை ஏற்றுவது போன்றது அது. பெயரோ அத்தன்மைத்தன்று. இதனை ஆக்கியவர் இன்னார், இதற்குப் பொறுப்பாவார் இன்னார் என்று பயன்கொள்வார்க்கு உரைக்கும் சான்றுரையே பெயர். ஒரே பெயரை இருவர் இருவேறு பொருளுக்கு இட்டுக்கொண்டால் அச்சான்றுரை பொய்யாகிவிடும். எனவே, நிரலைப் பகிர்தல் அறம். பெயரைப் பகிர்தல் குழப்பம். சட்டமும் இவ்விரண்டையும் வேறாகவே காண்கின்றது. 2004ஆம் ஆண்டு வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, நிரலைத் திறந்துவிட்ட அதே கையால், வணிகக்குறியை ஆளும் உரிமையைத் தான் தரவில்லை என்றும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றது.

பெயரைக் காவாது விட்டால் என்ன நேரும்? இலினக்சின் கதையைக் கேண்மின். பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இலினசு தோர்வால்துசு, 1991இல் அவ்வியங்குதள நிரலை வெளியிட்டார். உலகெங்கணுமிருந்து நிரலறிஞர் பலர் கூலி கருதாது அதனை வளர்த்தனர். ஆனால் அதன் பெயரைப் பதியவேண்டும் என்று எவரும் நினைந்திலர். அந்த நினைவு, அதனை ஆக்குவதில் எப்பங்கும் இல்லாத பாசுடன் நகரத்தார் ஒருவர்க்கு வந்தது! 1994இல் அவர் விண்ணப்பித்தார். 1995இல் அமெரிக்க அரசு அப்பெயரை அவர்க்கே பதிந்து கொடுத்தது. 1996இல், இலினக்சின் பெயரால் தொழில் நடத்தியோர்க்கு அவரிடமிருந்து மடல்கள் வந்தன. விற்பனையில் நூற்றுக்குப் பத்து விழுக்காடு கேட்டன. விதைத்தவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் பலர், களத்து மேட்டில் வந்து நின்று குத்தகை கேட்டவரோ வேறொருவர்! இலினக்சு வணிகரும், அதன் பெயரால் வெளிவந்த இதழினரும் ஒன்றுகூடி முறையிட்டு வழக்காடிய பின்னரே, 1997இல் இணக்கம் ஏற்பட்டு அப்பெயர் தோர்வால்துசுக்கு மாற்றித் தரப்பெற்றது. முன்னரே பதிந்திருப்பின் இவ்வலைச்சல் ஏன்?

இதற்கு மாறாக, முன்னரே பதிந்து வைத்தோர் நிலையைக் காண்போம். குநோம் என்பது 1997இல் தொடங்கப்பெற்ற கட்டற்ற கணினித் திரைச்சூழல். அதன் அறக்கட்டளை அப்பெயரை அமெரிக்காவில் பதிந்து வைத்திருந்தது. 2014இல் குரூப்பான் என்னும் பெருவணிக நிறுவனம், கடைகளுக்கான தன் விற்பனைக் கருவிக்கு அதே பெயரைச் சூட்டி, 28 பதிவு விண்ணப்பங்களையும் இட்டது. அவற்றுள் முதற் பத்தை மட்டும் எதிர்க்கவே 80,000 அமெரிக்கத் தாலர் வேண்டுமென்று அறக்கட்டளை மக்களிடம் கையேந்தியது. உலகெங்கும் எழுந்த குரலைக் கேட்ட அந்நிறுவனம், ஓரிரு நாளிலேயே பெயரைக் கைவிட இசைந்தது. மக்கள் குரலே வென்றது என்பது மெய்தான். ஆயினும், கையில் பதிவு என்னும் பிடி இருந்தமையாலன்றோ அக்குரல் வெறுங்கூச்சலாகாமல் உரிமைக்குரலாயிற்று?

இனி, பெயர்க்காவல் என்பது ஆக்கியோர்க்கு மட்டுமே நலம் பயப்பதன்று. பயன்கொள்ளும் எளிய மக்களுக்கும் அதுவே அரண். படங்காட்டும் மென்பொருளாகிய வி.எல்.சி.யை ஆக்கும் தொண்டர்கள், தம் பெயரைக் காட்டி அதனோடு வேண்டாத விளம்பர நிரல்களைச் சேர்த்துப் பரப்புவோரை 2011இல் வெளிப்படையாகச் சாடினர். பெயரை நம்பி எடுத்தவன் கணினி கெடும். பழியோ ஆக்கியவர் தலையில் விழும்.

அவ்வாறாயின், பெயரைக் கையகப்படுத்தியவன் நாளை கொடுங்கோலன் ஆகான் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்பாருளர். நேரிய வினாவே. ஓப்பன் ஆபிசு என்னும் அலுவலக மென்பொருளின் பெயர் சன் நிறுவனத்திடம் இருந்தது. 2010இல் ஆரக்கிள் அந்நிறுவனத்தை வாங்கியபோது பெயரும் உடன் சென்றது. அவ்வாண்டே ஆக்குநர் பலர் வெளியேறித் தனி அறக்கட்டளை கண்டனர். பெயரைத் தருமாறு வேண்டியும் கிடைக்காமையால், இலிபர் ஆபிசு என்னும் புதுப்பெயரே அவர்களுக்கு நிலைத்தது. நிரலை எடுத்துச் செல்ல அவர்களுக்குத் தடையில்லை. பத்தாண்டு உழைப்பால் ஈட்டிய பெயரை மட்டும் விட்டுச் செல்ல நேர்ந்தது. மற்றொன்று: பயர்பாக்சு உலாவியில் தாம் செய்யும் திருத்தங்களுக்கு மொசில்லாவின் ஒப்புதல் பெறவேண்டும் என்னும் நெறியைத் தெபியன் குழுவினர் ஏற்கவில்லை. அதனால் 2006இல் அவர்கள் அதனை ஐசுவீசல் என்று மாற்றி வழங்க வேண்டியதாயிற்று. 2016இல்தான் பழம்பெயர் மீண்டது. தொண்டரோடு தொண்டரே பத்தாண்டு பிணங்கி நின்றமை வருந்தத்தக்கது.

ஆனால் இவை காட்டுவது என்ன? பதிவு தீது என்பதையா? அன்று! பதிவு எவர் கையில் இருத்தல் வேண்டும், எந்நெறியில் ஆளப்பெறல் வேண்டும் என்பதையே. காவற்காரன் பிழை செய்தான் என்பதற்காகக் கதவையே கழற்றி எறிவார் உண்டோ? விற்கவும் வாங்கவும் தக்க வணிக நிறுவனத்திடம் பொதுப்பெயர் இருத்தலாகாது. ஆக்குவோர் அமைத்த அறக்கட்டளையிடமே இருத்தல் வேண்டும். எவர், எவ்வாறு, எதுவரை அப்பெயரை ஆளலாம் என்பது தெளிவாக எழுதப்பெறல் வேண்டும். இலினக்சு என்னும் சொல்லைத் தம் பொருட்பெயரில் சேர்க்க விழைவார்க்கு இன்று இலினக்சு அறக்கட்டளை கட்டணமின்றி இசைவு வழங்குகின்றது. காவலும் ஈகையும் ஒருங்கே நிற்கக் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம்மிடையே கட்டற்ற மென்பொருள் ஆக்கும் இளைஞர்க்கும் இஃது உரியதே. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி, ஒருமுறை செய்த பதிவு 10 ஆண்டுகள் நிற்கும். பின்னரும் புதுப்பித்துக் கொள்ளலாம். நிரலை வாரி வழங்குங்கள். அது உங்கள் பெருமை. ஆனால் வழங்கிய கையின் பெயரைக் களவு போக விடாதீர்கள். பெயரைக் காப்பது தன்னலம் அன்று; நம்பி வருவோர்க்கு நாம் செலுத்தும் கடன்.