நல்ல பருப்பு சந்தைக்கு, சொத்தைப் பருப்பு வீட்டுக்கா?

கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய் என்பதை நாடே அறியும். 2020ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. திரட்சியான பருப்பாகப் பொறுக்கி எடுத்து, பக்குவமாக வறுத்து, தோல் நீக்கி, வெல்லப் பாகில் சேர்ப்பதால்தான் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. ஆனால், கடலை விளைவிக்கும் விவசாயியின் வீட்டில் நடப்பது வேறு. காயை உடைத்துப் புடைத்தபின் திரண்ட பருப்பு மூட்டையாகச் சந்தைக்குப் போகிறது. சுருங்கியதும், நிறம் மாறியதும், பூச்சி அரித்ததும் அடுக்களைக்கு வருகின்றன. "விலை போகாததை வீட்டில் தின்று தீர்ப்போம்" என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பழக்கத்தை நம் விவசாயக் குடும்பங்கள் அடியோடு கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் இதுதான். நிலக்கடலையில் 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்' என்ற பூஞ்சணம் வளரும்போது 'அஃப்ளாடாக்சின்' என்ற நஞ்சை உண்டாக்குகிறது. இது ஈரலைத் தாக்கும். நாளடைவில் ஈரல் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். இந்த நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சுருங்கிய, நிறம் மாறிய, சொத்தையான பருப்புகளில்தான் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. அதாவது, நாம் ஒதுக்கித் தள்ளி வீட்டுக்கு எடுத்துவரும் அதே பருப்பில்! வறுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. வறுக்கும் சூட்டில் இந்த நஞ்சு ஓரளவு குறையுமே தவிர, முழுவதும் அழியாது.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் சேர்ந்திருந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்த பிறகுதான் இந்த நஞ்சை உலகம் கண்டறிந்தது. 1974ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் மலைவாழ் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். காய் முற்றும் பருவத்தில் மழை பொய்த்து நிலம் காய்ந்தால், மண்ணில் இருக்கும்போதே காய்க்குள் பூஞ்சணம் புகுந்துவிடும். ஆகவே, நம் வானம் பார்த்த பூமிக்கு இந்த எச்சரிக்கை அதிகமாகவே பொருந்தும்.

தடுக்கும் வழிகள் எளியவை. பறித்த காயை ஈரத்தோடு குவித்து வைக்கக் கூடாது. மெல்லிய அடுக்காகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டு, ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை உலர்த்த வேண்டும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது. உடைப்பதற்கு எளிதாக இருக்கும் என்று காயின் மேல் தண்ணீர் தெளிப்பதை விட்டுவிட வேண்டும். மூட்டைகளைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். கழித்த பருப்பை மாட்டுக்கோ கோழிக்கோ போடாமல் குழியில் புதைத்துவிடுவதே நல்லது. மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் வரும். அந்தப் பால் நம் குழந்தைக்கே வந்து சேரும்.

இனி, வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளும் நல்ல பருப்பை என்ன செய்வது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. களை எடுக்கவும், பருத்தி எடுக்கவும், தீப்பெட்டி வேலைக்கும் போகும் நம் பெண்கள் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டுமாகக் காலைப் பொழுதைக் கழிக்கிறார்கள். பேரீச்சை, முந்திரி, பாதாம் வாங்கினால்தான் சத்து உருண்டை பிடிக்க முடியும் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. வசதி உள்ளவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும். நம் செவலில் கடலையும், கரிசலில் எள்ளும் கம்பும் விளையும்போது, அதற்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

செய்முறை வருமாறு. கடலைப் பருப்பு, எள், கம்பு வகைக்கு 250 கிராம்; கருப்பட்டி 400 கிராம்; சிறிது சுக்கு, ஏலக்காய். கடலையை இளந்தீயில் வறுத்துத் தோல் நீக்கிக் கொரகொரப்பாக இடிக்கவும். கல் நீக்கிக் கழுவி உலர்த்திய எள்ளைப் படபடவென்று பொரியும் வரை வறுக்கவும். கம்பையும் வாசனை வர வறுத்து மாவாக்கவும். கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துவிடுமாதலால், அவ்வப்போது தேவைக்கு மட்டும் அரைப்பது நல்லது. கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கையில் ஒட்டும் பாகாகக் காய்ச்சி, எல்லாவற்றையும் கொட்டிக் கிளறவும். சூடு ஆறுமுன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சை அளவு பிடிக்கவும். கொட்டை நீக்கி உலர்த்திய இலந்தைப் பழம் இருந்தால் இடித்துச் சேர்க்கலாம். இலேசான புளிப்போடு சுவையாக இருக்கும்.

இந்த அளவில் 25 கிராம் எடையுள்ள சுமார் 45 உருண்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 115 கலோரி சக்தியும் 3 கிராம் புரதமும் இருக்கும். எள்ளிலிருந்து சுண்ணாம்புச் சத்தும், எள், கம்பு இரண்டிலிருந்தும் இரும்புச் சத்தும் சேரும். ஈரமில்லாத, இறுக மூடும் டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் கெடாது. உருண்டை தின்றவுடன் டீ குடிக்க வேண்டாம்; டீ, இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ உடன் தின்றால் அச்சத்து நன்கு சேரும். சிறு குழந்தைகளுக்குக் கடலையை நைசாகப் பொடித்தே கொடுக்க வேண்டும்; முழுப் பருப்பு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலை ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கருப்பட்டியும் இனிப்புதான் என்பதைச் சர்க்கரை நோயாளிகள் மறக்கலாகாது. இந்த உருண்டை மட்டுமே இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

"விற்றால் பணம் வருமே, வீட்டில் நிறுத்தினால் நட்டமல்லவா?" என்று சில விவசாயிகள் கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் உருண்டை வீதம் ஆண்டு முழுவதற்கும் தேவைப்படுவது பருப்பு 10 கிலோ, எள் 10 கிலோ, கம்பு 10 கிலோ மட்டுமே. பத்துக் கிலோ பருப்புக்கு ஏறக்குறைய 15 கிலோ காய் போதும். கருப்பட்டி 16 கிலோ வாங்க வேண்டியிருக்கும். பிஸ்கட்டுக்கும் பாக்கெட் தின்பண்டத்துக்கும் ஆண்டு முழுவதும் செலவழிப்பதை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் எது நட்டம் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. கே 8, கே 12 போன்ற சோள இரகங்கள் அங்கிருந்து வந்தவை. மானாவாரிக்கு ஏற்ற தானியங்களுக்குக் குறைவில்லை. இருந்தும், கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் கரிசல் காடுகளில் பரவியபின் கம்பும் சோளமும் குறைந்துவிட்டன. மக்காச்சோளம் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுத் தேவைக்காக ஒரு மூலையில் கம்பும், ஓரத்தில் எள்ளும் விதைத்துவைக்கலாம் அல்லவா?

அடுத்த அறுவடையின்போது விதைக்கென்று தனியே பொறுக்கி வைப்பதுபோல, வீட்டுக்கென்றும் முதல் தரமான பருப்பில் 10 கிலோவை எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தைச் சந்தைக்கு அனுப்புங்கள்.