வாசிச்சுப் பார்க்கேல்லையோ?

மோர்டனில் எங்கள் வீட்டு மேசையில் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கவிதை எழுதிக்கொண்டிருந்தாள். மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர், கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் கதையைச் சொன்னேன்.

அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு ‘நவரசம்’ 2017இல் வந்தது. அது தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தார்கள். உண்மையில் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதிலேயே இருந்தன. 19 மாதம் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

“ஏன் அப்பா, அவை வாசிச்சுப் பார்க்கேல்லையோ?” என்றாள்.

நல்ல கேள்வி. ஆனா அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இவளுக்கும் வாசிக்கத் தெரியாது. பிறகு எப்படி அந்தக் கவிஞருக்காகப் பேசுவாள்? எழுதுகிறவருக்குச் சுதந்திரம் வேணுமெண்டால், வாசிக்கிற ஆட்களும் வேணும்.

வாற சனிக்கிழமை ‘தமிழ்ப் பள்ளிக்கு ஏன் போகோணும்?’ என்று உங்கள் பிள்ளை கேட்டால், இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.