விபூதி போட்டுத் துலக்காதீங்க பாஸ்!

உங்க வீட்டு பீரோவில பாட்டியோட சுருக்குப் பை ஏதாவது இருக்கா? அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப மெதுவாப் பேச்சுக் கொடுத்துப் பாருங்க. உள்ளே ரெண்டு மூணு வெள்ளி ரூபாய் இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. விக்டோரியா ராணி, வழுக்கைத் தலை எட்வர்ட், தாடி வெச்ச ஜார்ஜ்னு யாராவது ஒருத்தர் உங்களை முறைச்சுப் பார்ப்பாங்க.

கையில எடுத்ததும் முதல்ல என்ன தோணும்? 'ஐயய்யோ, கறுத்துப் போச்சே, துலக்கிட்டா பளபளன்னு ஆயிடுமே!' எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. செகண்ட் இயர் லீவுல பாட்டி கொடுத்த 1916-ம் வருஷ ரூபாயை, குங்குமச் சிமிழ் துலக்கற மாதிரி விபூதி போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன். சும்மா சொல்லக் கூடாது, முகம் பார்க்கலாம் போல ஆச்சு. செமஸ்டர் ஃபீஸுக்குக் கொஞ்சம் தேறும்னு கனவோட ஒரு நாணய வியாபாரிகிட்ட போனேன். அவர் லென்ஸை வெச்சு அஞ்சு செகண்ட் பார்த்தார். "எதைப் போட்டுத் தேய்ச்சீங்க தம்பி?"ன்னார். அப்புறம், "நேத்தே அப்படியே கொண்டு வந்திருந்தா வேற விலை. இப்ப எடைக்குத்தான் எடுத்துக்க முடியும்" அப்படீன்னு காசைத் திருப்பி என் கையில வெச்சுட்டார். மூஞ்சி தொங்கிப் போச்சு.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை பாஸ். காத்துல இருக்கற கந்தகத்தோட வெள்ளி சேர்ந்து வருஷக் கணக்கா உண்டான மேல்படலம். நாம தேய்க்கறப்ப அதோட சேர்த்து வெள்ளியும் ஒரு சுத்து போயிடும். கண்ணுக்குத் தெரியாத கோடு கோடா கீறல் விழும். லென்ஸ்ல அது தார் ரோட்டுல டயர் இழுத்த மாதிரி தெரியும். பெரிய கிரேடிங் கம்பெனிகள் அப்படிப்பட்ட காசுக்கு மார்க்கே போடாது. 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னு எழுதி ஓரங்கட்டிடும்.

மார்க்கா? ஆமா, காசுக்கும் மார்க் உண்டு. நம்ம இன்டர்னல் மாதிரி நூத்துக்கு இல்லை, எழுபதுக்கு. 1949-ல அமெரிக்காக்காரர் வில்லியம் ஷெல்டன் அவங்க ஊர் செப்பு சென்ட்களுக்காகப் போட்ட கணக்கு அது. பின்னாடி எல்லாக் காசுக்கும் ஒட்டிக்கிச்சு. இதுல ஒரு தமாஷ், 'ஃபைன்'னு சொன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. 12, 15 மார்க்தான். நல்லாவே தேய்ஞ்ச காசு! 'வெரி ஃபைன்' 20-லேருந்து, 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' 40-லேருந்து. 60-க்கு மேல போனாத்தான் 'அன்சர்குலேட்டட்', அதாவது யார் மடியிலயும் முடிஞ்சு வைக்காத காசு. ஆன்லைன்ல பாதிப் பேர் தேய்ஞ்சு போன ரூபாய்க்கு 'அன்சர்குலேட்டட்'னு தலைப்புப் போட்டு விக்கறாங்க. வாங்கினவர் பார்சலைப் பிரிச்சதும் திட்டித் திருப்பி அனுப்பறார். அதோட உங்க பேர் காலி.

நீங்களே கிரேடு பார்க்கலாம். மேடா இருக்கற இடம்தான் முதல்ல தேயும். விக்டோரியான்னா தலைமுடி இழையும் உடையில இருக்கற பூவேலையும். அஞ்சாம் ஜார்ஜ்னா காது, மீசை, தோள்ல போட்டிருக்கற அங்கி. அப்புறம் விளக்குக்குக் கீழே காசை லேசாச் சாய்ச்சுப் பாருங்க. புழங்காத காசுல வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி சுத்தி வரும். தேய்ச்சுப் பளபளப்பாக்கின காசுல அது சுத்தாது, தட்டையா மின்னும். ஓரத்தைப் பிடிச்சுத்தான் தூக்கணும், முகத்துல விரல் படவே கூடாது. எழும்பூர் மியூசியத்துல நாணயங்களும் இருக்கு. ஒரு சனிக்கிழமை போய்க் கண்ணுக்குப் பழக்கிட்டு வாங்களேன்.

அஞ்சாம் ஜார்ஜ்னதும் ஒரு கதை. 1911-ல வந்த ரூபாயில ராஜாவோட அங்கியில ஒரு குட்டி யானை. தும்பிக்கை சின்னதாப் போயி, பார்க்கறவங்களுக்குப் பன்னி மாதிரி தெரிஞ்சுடுச்சு. பெரிய ரகளை. அச்சடிச்சதுல பெரும் பகுதியை நிறுத்தி உருக்கிட்டாங்க. 1912-ல தும்பிக்கை ஒழுங்கா நீண்டுச்சு. அதனால 'பன்னி ரூபாய்'க்குத் தனி மவுசு. இதைச் சாக்கா வெச்சு 1918 ரூபாயைக்கூடப் பன்னின்னு விக்கற ஆளுங்க உண்டு. வருஷத்தைப் பாருங்க, அது போதும்.

எடை ரொம்ப முக்கியம். ஒரு ரூபாய் சரியா ஒரு தோலா, 11.66 கிராம். நாட்டு மருந்துக் குறிப்புல 'ஒரு ரூபாய் எடை'ன்னு வருமே, அதேதான். நகைக்கடைத் தராசுல ரொம்பக் குறைஞ்சாலோ கூடினாலோ சந்தேகப்படுங்க. 1940-க்கு முன்னாடி பன்னெண்டுல பதினோரு பங்கு வெள்ளி, அப்புறம் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில பாதிதான். 1947-ல வந்தது நிக்கல், காந்தத்துல ஒட்டும். 1939-னு போட்டது சிக்கினா துள்ளாதீங்க. அபூர்வம்கறதாலயே போலியும் அதிகம்.

ஃபோட்டோ எடுக்க ஃப்ளாஷ் வேண்டாம். ஜன்னல் ஓர வெளிச்சம் போதும். ரெண்டு பக்கமும் எடுங்க, விளிம்பையும் எடுங்க. கீறல் இருந்தா அதைக் காட்டுங்க, எழுதவும் செய்யுங்க. மெத்துனு இருக்கற மலிவு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைக்காதீங்க, நாளாக ஆகப் பச்சையாப் பிசுக்கு ஏறும்.

இனிமே சொல்றது கொஞ்சம் சீரியஸ். 'வைஷ்ணோ தேவி காசுக்குப் பத்து லட்சம், ட்ராக்டர் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சம்'னு வர்ற விளம்பரத்துல போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டா, 'ரிசர்வ் பேங்க் அனுமதிக்குக் கட்டணம், வரி, கமிஷன் முதல்ல கட்டுங்க'ம்பான். கட்டினா போச்சு. தங்கள் பேரைச் சொல்லி இப்படிக் கமிஷன் கேட்கறாங்கன்னு ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கை விட்டுச்சு. வாங்கறவன் பணம் கொடுக்கணுமே ஒழிய விக்கறவன் ஏன் கொடுக்கணும்?

இன்னொண்ணு, நூறு வயசு தாண்டின காசு 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அமெரிக்காவுல யாரோ நல்ல விலை தர்றாங்கன்னு தபால்ல போட்டுடாதீங்க, அது குற்றம். கிரேடிங்குக்காக வெளிநாட்டுக்கு அனுப்பறதும் அதே கதைதான். இங்கேயே பழங்காசு விக்கறதைத் தொழிலா எடுத்தா லைசென்ஸ் வேணும்.

முக்கியமா, விக்கறதுக்கு முன்னாடி அது யாரோட காசுன்னு வீட்ல கேட்டுக்குங்க. நான் கேட்கலை. எடைக்குப் போட மனசு வராம அந்த 1916-ஐத் திருப்பிக் கொண்டு போனப்பதான் பாட்டி சொன்னாங்க, அது அவங்க மாமியார் கையில கொடுத்த முதல் காசாம். கழுவினதுக்குத் திட்டலை. "எவ்வளவு சொன்னான்?"னு மட்டும் கேட்டாங்க. இப்ப என் மேஜை டிராயர்ல காகிதக் கவருக்குள்ள இருக்கு. ஓரத்துல லேசாக் கறுக்க ஆரம்பிச்சிருக்கு.