மௌனத்துக்கு வருகைப் பதிவேடு

மனநலச் செயலிகளைப் பற்றி நம் நண்பர்கள் சிலர் பேசுகிற விதம் எனக்கு ஒப்புதலாக இல்லை. கருவி வெறும் கருவிதான், எல்லாம் பயன்படுத்துகிறவனைப் பொறுத்தது என்கிறார்கள். சௌகரியமான வாதம். கருவிக்குள் ஏற்கெனவே ஒரு நோக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மறுக்கிற வாதம்.

1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி. ஜே. ஃபாக், மனிதர்களை இணங்கவைக்கும் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 2009இல் அவர் தந்த சூத்திரம் எளிமையானது. விருப்பம், இயலுகை, தூண்டல் மூன்றும் ஒரே கணத்தில் கூடினால் காரியம் நடந்துவிடும். பல் துலக்க ஒருவனைப் பழக்க இது போதும். மனசை ஆற்றவும் இதுவே போதும் என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு.

ஹெட்ஸ்பேஸ், காம் போன்ற தியானச் செயலிகள் நீங்கள் இடைவிடாமல் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று எண்ணிக் காட்டுகின்றன. வங்கியில் தொடர் வைப்புக் கணக்குகளோடு காலந்தள்ளுகிற எனக்கு இந்த எண்ணிக்கையின் மனோபாவம் தெரியும். தவணை தவறினால் அபராதம். ஆனாலும் அங்கே கட்டிய பணம் முதிர்வில் கைக்கு வந்துவிடுகிறது. இங்கே ஒருநாள் தவறினால் நாற்பது நாள் மௌனமும் பூஜ்யம். பற்றை விடக் கற்றுத்தரும் பயிற்சியில் ஓர் எண்ணைப் பற்றிக்கொள்ளப் பழக்குகிறார்கள். ஹெட்ஸ்பேஸை 2010இல் தொடங்கிய இருவரில் ஒருவர் முன்னாள் பௌத்த பிக்கு.

இந்தத் தொழிலில் அடிக்கடி புழங்கும் சொல் ‘ஈடுபாடு’. ஒரு கவிதையோடு வாசகன் கொள்ளும் உறவுக்கு நாம் வைத்திருக்கிற சொல். அவர்களிடம் அதற்கு அர்த்தம், ஒருவன் நாளைக்கு எத்தனை தடவை திறந்தான், எத்தனை நிமிஷம் இருந்தான் என்பதுதான். நோயாளி திரும்பி வராவிட்டால் வைத்தியருக்கு வெற்றி. சந்தாதாரர் திரும்பி வராவிட்டால் செயலிக்கு நஷ்டம். இந்த முரண்பாட்டை எந்த மென்மையான வர்ணமும் மறைத்துவிடாது.

நடுராத்திரியில் வைத்தியர் கிடைக்காதவனுக்கு இது ஒரு துணையில்லையா என்று கேட்கலாம். துணைதான். மூச்சைக் கவனிக்கச் சொல்லும் ஒரு குரல் அந்த நேரத்தில் உதவக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்து மனிதன் எவ்வளவு சுலபமாகத் தன்னைத் திறந்துவிடுவான் என்பதும் நமக்குத் தெரியும். 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலிசா, சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்ட சின்ன புரோகிராம். அதனிடம் தனியாகப் பேச வேண்டும், அறையைவிட்டுப் போங்கள் என்று அவருடைய காரியதரிசியே அவரிடம் சொன்னார். இதில் கண்ட அபாயத்தை அவர் 1976இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். தூண்டில் இல்லாமலே வருகிற மீன் அது. அதற்கும் தூண்டில் போடுவதைச் சேவை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வராத நாளை எண்ணாத, தான் தேவைப்படாமல் போவதையே வெற்றியாகக் கொள்கிற ஒரு செயலியை யாராவது செய்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அதுவரை, ஈடுபாடு என்ற நம் சொல்லையாவது அவர்களிடமிருந்து திரும்பக் கேட்போம்.