வசூல் கணக்கை மாணவர்களே எழுதட்டும்



அரசுப் பள்ளிகளில் 2024-இல் தொடங்கிய 'மகிழ் முற்றம்' திட்டம், மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாக்கித் தலைவர்களையும் தந்திருக்கிறது. அவர்களுக்குப் பொறுப்பும் தர வேண்டும். டிசம்பர் 7 கொடிநாளுக்குச் சட்டையில் சின்னக் கொடியைக் குத்திவிட்டு உண்டியலை நீட்டும் பிள்ளைகளுக்கு, எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்று தெரிய வேண்டாமா? வசூல், விளையாட்டு விழா, ஆண்டு விழாச் செலவு எல்லாவற்றையும் அவர்களே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் வாசிக்கட்டும். காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நம்பித்தான் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையைக் காக்கும் பழக்கம் பள்ளியிலேயே வர வேண்டும். எங்கள் வட்டாரப் பள்ளிகள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

— ஒரு பெற்றோர்,
வீரகேரளம்புதூர், தென்காசி மாவட்டம்.